‘பெட்டர்’ என்ற ஒரு சொல்: பர்மாத் தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

‘நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை.’ காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்கப் போனால் நம் வீடுகளில் கிடைக்கும் பதில் இது. இதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், ரங்கூனில் கல்லூரி முடித்த பிள்ளைகளும் ‘டுடே இஸ் மோர் குட்’ என்கிறார்கள். இல்லாவிட்டால் ‘டுடே வெரி பெட்டர்’ என்கிறார்கள். இரண்டும் தப்பு. ‘குட், பெட்டர், பெஸ்ட்’ என்று பள்ளியில் ஒப்பித்தபோது நோட்டில் ‘நல்ல, மிக நல்ல, மிக மிக நல்ல’ என்று பொருள் எழுதிக்கொண்டதுதான் இதற்கு வேர். பெட்டருக்கு ‘மிக நல்ல’ என்ற பொருளே கிடையாது.

அதற்குப் பொருந்தும் தமிழ்ச் சொற்கள் இரண்டு, நம் வாயில் தினமும் புழங்குபவை: தேவலை, மேல். ‘அண்ணனுக்குத் தம்பி தேவலை.’ ‘இதுக்கு அதுவே மேல்.’ இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கீழே வரும் விதிகளில் பாதி அப்படியே விளங்கிவிடும்.

முதல் படி: பொருளைச் சரியாகப் பிடியுங்கள்

‘அண்ணனுக்குத் தம்பி தேவலை’ என்று ஒரு பெரியவர் சொன்னால் தம்பியைப் புகழ்கிறார் என்றா எடுத்துக்கொள்கிறோம்? இரண்டுமே சரியில்லை, இவன் கொஞ்சம் பரவாயில்லை என்றுதான் கேட்பவர் காதில் விழும். பெட்டரும் அப்படியே. அது நல்லது என்று சான்றிதழ் தருவதில்லை. இன்னொன்றோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு படி மேலே நிற்கிறது என்று மட்டும் சொல்கிறது.

ரங்கூன் மழையில் இரண்டு குடை, இரண்டும் ஓட்டை. ஒன்றில் ஓட்டை சின்னது. ‘திஸ் அம்ப்ரெல்லா இஸ் பெட்டர்’ என்று சொல்லலாம். ‘திஸ் அம்ப்ரெல்லா இஸ் குட்’ என்று சொன்னால் நனைந்து வந்தவர் திட்டுவார். 40 எடுத்தால் தேர்ச்சி என்ற தேர்வில் ஒருவன் 28, இன்னொருவன் 31. இருவரும் தோல்விதான், ஆனாலும் 31 பெட்டர்.

ஆகவே பெட்டர் வருமிடத்தில் எல்லாம் இரண்டு பொருள் இருக்க வேண்டும். ஒன்று வெளியே சொல்லப்படாமல் இருக்கலாம், ஆனால் கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பிட ஒன்றுமே இல்லாத இடத்தில், சும்மா பாராட்டுவதற்காக ‘யுவர் ஹவுஸ் இஸ் பெட்டர்’ என்று சொன்னால், ‘எதைவிட?’ என்ற கேள்வி எழும். பாராட்டுக்கு ‘வெரி நைஸ்’ போதும்.

இரண்டாம் படி: ஒப்பீடு எந்தச் சொல்லில் உட்கார்கிறது?

எல்லாத் தப்பும் இங்கேதான் முளைக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழில்: ‘அந்தக் கடையைவிட இந்தக் கடை நல்லது.’ இதில் ‘நல்லது’ மாறவே இல்லை. ஒப்பீட்டு வேலை முழுவதையும் ‘விட’ செய்கிறது. பழைய வழக்கில் ‘தேனினும் இனியது’ என்றபோதும் ‘இனியது’ அப்படியே நின்றது, வேற்றுமை உருபுதான் சுமை தூக்கியது.

பர்மியில்: ‘ஹோ ஸைங் தெ டீ ஸைங் க போ கௌங் டே.’ இதில் ‘தெ’ நம் ‘விட’. ‘கௌங்’ நம் ‘நல்ல’. ஆனால் அதற்கு முன்னால் ஒரு ‘போ’ வருகிறது, கூடுதலாக என்று பொருள். ஆக பர்மியில் சுமை இரண்டு தோளில் இருக்கிறது.

ஆங்கிலத்தில்: ‘திஸ் ஷாப் இஸ் பெட்டர் தன் தட் ஷாப்.’ இங்கே குட் என்ற சொல்லே காணாமல் போய், அதனிடத்தில் வேறொரு சொல் வந்துவிட்டது. ‘கூடுதல்’ என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. ‘தன்’ என்பது தோற்ற பொருளைக் காட்டும் கைகாட்டி மட்டும்.

இப்போது தப்புகளைப் பாருங்கள். வீட்டில் தமிழே பேசி வளர்ந்தவர் சொல்வது ‘திஸ் இஸ் குட் தன் தட்’. ‘விட’ வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று தமிழ் மனம் நினைக்கிறது. பர்மிப் பள்ளியில் படித்து, நண்பர்களோடு பர்மியிலேயே பேசும் பிள்ளை சொல்வது ‘திஸ் இஸ் மோர் குட்’ அல்லது ‘மோர் பெட்டர்’. ‘போ கௌங்’ அப்படியே சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஒருவர் தூக்கவேண்டிய சுமையைக் கீழே விட்டுவிட்டார், மற்றவர் ஒரே சுமையை இரண்டு முறை தூக்குகிறார். பிள்ளையைத் திருத்தும் முன் எந்த மொழியிலிருந்து தப்பு வருகிறது என்று கண்டுகொண்டால் திருத்துவது எளிது. முதலாமவரிடம் ‘குட்டை எடுத்துவிட்டு பெட்டரைப் போடு’ என்று சொல்ல வேண்டும். இரண்டாமவரிடம் ‘போ ஏற்கனவே பெட்டருக்குள் இருக்கிறது’ என்று சொன்னால் போதும்.

மோர் பெட்டர் என்பதை ஆங்கிலேயர் எழுதியதே இல்லையா என்றால், 400 ஆண்டுகளுக்கு முன் அவர்களில் பெரிய எழுத்தாளர்களே எழுதியிருக்கிறார்கள். இன்று தேர்வுத் தாளில் எழுதினால் மதிப்பெண் போகும்.

சொற்களின் வரிசையும் தலைகீழ். தமிழிலும் பர்மியிலும் பெரும்பாலும் தோற்றது முதலில் வரும், அதன் பின்னால் ஒட்டு வரும். ஆங்கிலத்தில் வென்றது முதலில், தோற்றது கடைசியில், அதற்கு முன்னால் தன். தமிழ் வாக்கியத்தை இடமிருந்து வலமாகப் பெயர்க்காமல், வென்ற பொருளிலிருந்து தொடங்கினால் ஆங்கில வரிசை தானாக வரும்.

‘குட்’டுக்கு ‘குட்டர்’ ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெட்டர் வேறு வேர்ச்சொல்லில் பிறந்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவு ‘பெஸ்ஸர்’, டச்சில் ‘பேட்டர்’. பழைய ஆங்கிலத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சொல்லுக்கு ‘பரிகாரம்’ என்று பொருள். இந்தியில் ‘பெஹ்தர்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதிலிருந்து வந்ததா என்றால் இல்லை. அது பாரசீகத்திலிருந்து வந்தது, ஒலி ஒற்றுமை வெறும் தற்செயல்.

மூன்றாம் படி: வாக்கியத்தைக் கட்டுங்கள்

நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வென்ற பொருள், ‘இஸ், ஆர், வாஸ், வேர்’ இவற்றில் ஒன்று, பெட்டர், பிறகு தன்னும் தோற்ற பொருளும். ‘பவ்ஸான் ரைஸ் இஸ் பெட்டர் தன் திஸ் ரைஸ்.’ தோற்றது எது என்று இருவருக்கும் தெரிந்தால் கடைசிக் கட்டத்தை வெட்டிவிடலாம்: ‘பவ்ஸான் இஸ் பெட்டர்.’

தன்னுக்குப் பதிலாக ‘டு’, ‘ஃப்ரம்’ போடுவது நம்மிடம் உள்ள பழக்கம். ‘பெட்டர் ஃப்ரம்’ கிடையவே கிடையாது. ‘டு’ வரும் ஒரே இடம், ஒப்பீட்டுக்குப் பெட்டரை விட்டுவிட்டு வேறு சொல் எடுக்கும்போது. ‘ஐ லைக் டீ பெட்டர் தன் காஃபி’ என்பதற்குத் தன். ‘ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி’ என்பதற்கு டு. பொருள் ஒன்று, சொல் வேறு. ‘சுப்பீரியர்’ என்ற சொல்லும் டுவைத்தான் எடுக்கும். ‘ப்ரிஃபர்’ போட்டபின் கூடவே பெட்டரைப் போடாதீர்கள்.

எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘விட’ என்று பொருள்படும் தன்னின் மூன்றாம் எழுத்து ஏ. ‘பிறகு’ என்று பொருள்படும் தென்னின் மூன்றாம் எழுத்து ஈ. வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் இதில் தவறுகிறார்கள்.

பெட்டர் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘அ’ வேண்டுமா என்று பாருங்கள். தமிழிலும் சரி, பர்மியிலும் சரி, இந்தச் சின்னச் சொல் இல்லை, அதனால் விழுந்துவிடும். ‘ஹி காட் பெட்டர் ஜாப்’ தப்பு, ‘ஹி காட் அ பெட்டர் ஜாப்’ சரி. வேலையை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், அதனால் அ. எண்ண முடியாதவற்றுக்கு வேண்டாம்: ‘பெட்டர் ரைஸ்’, ‘பெட்டர் வெதர்’, ‘பெட்டர் நியூஸ்’, ‘பெட்டர் அட்வைஸ்’. பன்மைக்கும் வேண்டாம்: ‘பெட்டர் ஜாப்ஸ்’. இரண்டே இரண்டில் ஒன்றைச் சுட்டிக்காட்டும்போது ‘த’ வரும்: ‘த பெட்டர் ஆஃப் த டூ’. மூன்றாவது ஒன்று வந்துவிட்டால் பெட்டருக்கு வேலை முடிந்தது, பெஸ்ட்டைக் கூப்பிட வேண்டும். பர்மியில் ‘அகௌங்ஸோன்’ சொல்லுமிடம் அது.

நான்காம் படி: எவ்வளவு தேவலை?

‘ரொம்பத் தேவலை’, ‘கொஞ்சம் தேவலை’ என்கிறோம். ‘ரொம்ப’ என்றதும் நாக்கில் வருவது ‘வெரி’. பெட்டருக்கு முன்னால் வெரி வராது. ‘டூ’வும் ‘ஸோ’வும் வராது. அவை மூன்றும் ஒரு குணத்தின் அளவைச் சொல்பவை; பெட்டர் சொல்வது இரண்டு பொருளுக்கு இடையில் உள்ள தூரத்தை. தூரத்தை அளக்க வேறு சொற்கள் இருக்கின்றன.

தூரம் அதிகம் என்றால் ‘மச் பெட்டர்’, ‘ஃபார் பெட்டர்’, ‘அ லாட் பெட்டர்’. முதல் இரண்டும் எழுத்துக்கும் பேச்சுக்கும் ஆகும், மூன்றாவது பேச்சுக்கு. கொஞ்சம் என்றால் ‘அ லிட்டில் பெட்டர்’, ‘ஸ்லைட்லி பெட்டர்’. ஏற்கனவே ஒன்று நல்லது, இது அதற்கும் மேல் என்றால் ‘ஈவன் பெட்டர்’. கேள்வியில் ‘எனி’: ‘இஸ் இட் எனி பெட்டர்?’ கொஞ்சம்கூடத் தேறவில்லை என்றால் ‘நோ பெட்டர்’. நாளுக்கு நாள் என்றால் அடுக்குத்தொடர் மாதிரி, ‘பெட்டர் அண்ட் பெட்டர்’.

‘இரண்டு மடங்கு நல்லது’ என்பதற்கு ‘டூ டைம்ஸ் பெட்டர்’ என்று எழுதுவதைவிட ‘ட்வைஸ் அஸ் குட்’ என்பது சுத்தம். ஒருவர் செய்ததைக் குறை சொல்ல வேண்டிய இடத்தில் ‘வர்ஸ்’ என்று முகத்தில் அடிப்பதற்குப் பதிலாக ‘நாட் அஸ் குட் அஸ்’ என்று சொன்னால் மரியாதை காப்பாற்றப்படும்.

ஐந்தாம் படி: இனத்தோடு இனத்தை ஒப்பிடுங்கள்

‘மோல்மீன் டூரியான் ரங்கூனைவிட நல்லா இருக்கும்.’ தமிழில் இது ஓடும், கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அப்படியே ‘மோல்மீன் டூரியான்ஸ் ஆர் பெட்டர் தன் ரங்கூன்’ என்று எழுதினால் பழத்தை ஒரு நகரத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘தன் ரங்கூன்ஸ்’ அல்லது ‘தன் த ஒன்ஸ் இன் ரங்கூன்’ என்று எழுத வேண்டும். ஒரு இடத்தில் இருக்கும் பொருளை அதே இடத்தில் உள்ள மற்றவற்றோடு ஒப்பிட்டால் ‘எனி அதர்’ தேவை: ‘பெட்டர் தன் எனி அதர் ஷாப் இன் திஸ் ஸ்ட்ரீட்’. அதர் இல்லாவிட்டால் கடை தன்னையே வென்றதாகிவிடும்.

விலையிலும் இந்த விதி உதவும். சந்தையில் ஒரு கடையில் மீன் கிலோ 5,000 கியாட், பக்கத்துக் கடையில் வீசை 7,000 கியாட் என்று வைத்துக்கொள்வோம். எது ‘பெட்டர் ப்ரைஸ்’? எண்ணைப் பார்த்தால் முதல் கடை. ஆனால் பர்மா வீசை ஏறத்தாழ 1.63 கிலோ. 7,000ஐ 1.63ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 4,300தான். இரண்டாவது கடை பெட்டர். (பர்மாக்காரர் ‘பெய்தா’ என்று சொல்லும் அந்த நிறைக்கு ஆங்கிலத்தில் ‘விஸ்’ என்று பெயர், நம் வீசையிலிருந்து எடுத்ததுதான்.)

பேரம் பேசும்போது ‘கேன் யூ கிவ் மீ அ பெட்டர் ப்ரைஸ்?’ என்று கேட்டால் விலையைக் குறைக்கச் சொல்கிறீர்கள் என்று பொருள். ரங்கூன் போஜோ சந்தையில் வெளிநாட்டவரோடு வியாபாரம் செய்பவர் இதைத் தினமும் கேட்பார். அதற்கு மரியாதையான மறுப்பு: ‘ஐ கான்ட் டூ பெட்டர் தன் தட்.’ இதற்குமேல் குறைக்க முடியாது என்று அர்த்தம். என்னால் நன்றாகச் செய்ய முடியாது என்று அல்ல.

‘என்னைவிட அவனைத்தான் அவளுக்குப் பிடிக்கும்’ என்பதில் ஒரு குழப்பமும் இல்லை, ‘அவனைத்தான்’ என்பதில் உள்ள ‘தான்’ காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் ‘ஷி லைக்ஸ் ஹிம் பெட்டர் தன் மீ’ என்பது இரண்டு பக்கமும் திரும்பும். என்னைக் காட்டிலும் அவனைப் பிடிக்கும் என்றும் கொள்ளலாம், எனக்கு அவனைப் பிடிப்பதைக் காட்டிலும் அவளுக்குப் பிடிக்கும் என்றும் கொள்ளலாம். குடும்பத்தில் சண்டை வராமல் இருக்க, ‘தன் ஐ டூ’ அல்லது ‘தன் ஷி லைக்ஸ் மீ’ என்று முழுமையாகச் சொல்லிவிடுங்கள். மற்றபடி சாதாரணப் பேச்சில் ‘ஹி இஸ் பெட்டர் தன் மீ’ என்பதில் பிழையில்லை. ‘தன் ஐ’ என்று முடிப்பதை இலக்கண வாத்தியார்கள் விரும்புவார்கள். விண்ணப்பக் கடிதத்தில் ‘தன் ஐ ஆம்’ என்று எழுதினால் யாரும் வாய் திறக்க முடியாது.

ஆறாம் படி: உடம்பு விஷயம்

தமிழ்த் தேவலையும் ஆங்கிலப் பெட்டரும் ஒட்டிப் பிறந்தவைபோல நடப்பது இங்கேதான். ‘உடம்பு தேவலையா?’ என்றால் ‘ஆர் யூ பெட்டர்?’ பர்மியில் நோய் தணிவதற்கு ‘தெத்-தா’ என்கிறார்கள்; சுமை குறைந்தது, இலேசானது என்ற பொருள் அதற்கு.

ஆனால் பெட்டருக்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. நேற்றைக்கு இன்று தணிந்திருக்கிறது என்பது ஒன்று. முற்றிலும் குணமாகிவிட்டது என்பது மற்றொன்று. வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் விசாரிக்கிறார் என்று வையுங்கள். ‘இஸ் யுவர் மதர் பெட்டர்?’ மகன் ‘எஸ், பெட்டர்’ என்கிறார். அம்மாவுக்கு 103 டிகிரி காய்ச்சல் 101க்கு இறங்கியிருக்கிறது, அதைத்தான் அவர் சொல்ல வந்தார். மருத்துவர் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டால் மருந்தை நிறுத்தச் சொல்லிவிடலாம்.

செய்ய வேண்டியது: பெட்டரைத் தனியாக விடாதீர்கள். தணிந்திருக்கிறது, இன்னும் போகவில்லை என்றால் ‘அ லிட்டில் பெட்டர், பட் ஷி ஸ்டில் ஹேஸ் ஃபீவர்’. எண் தெரிந்தால் எண்ணையும் சேருங்கள். முழுக் குணம் என்றால் ‘கம்ப்ளீட்லி பெட்டர்’ அல்லது ‘ஷி இஸ் வெல் நௌ’. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘க்வைட் பெட்டர்’ என்றால் முழுவதும் தேறிவிட்டார் என்று பொருள், ‘ஓரளவு’ என்று அல்ல. இந்த ஒரு இடத்தைத் தவிர க்வைட்டும் பெட்டரும் சேர்ந்து நிற்பதில்லை. தேறிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு ‘கெட்டிங் பெட்டர்’. ‘பிகமிங் பெட்டர்’ என்று நோய்க்குச் சொல்வது காதுக்கு ஒட்டாது.

‘ஷி இஸ் குட்’ என்று மட்டும் நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பர்மியில் நலம் விசாரிக்கும் ‘நே கௌங் லா’ என்பதில் உள்ள ‘கௌங்’ இழுத்துக்கொண்டு வரும் தப்பு அது. நோயாளியைப் பற்றிக் கேட்கும்போது அம்மா நல்லவர் என்ற செய்தி மருத்துவருக்குப் பயன்படாது.

ஏழாம் படி: வினையோடு வரும்போது

‘நல்ல’ என்னும் குட்டுக்கும் பெட்டர், ‘நன்றாக’ என்னும் வெல்லுக்கும் பெட்டர். ‘ஹெர் இங்கிலிஷ் இஸ் பெட்டர்’ என்பதிலும் ‘ஷி ஸ்பீக்ஸ் பெட்டர்’ என்பதிலும் ஒரே சொல். ‘பெட்டர்லி’ என்று ஒன்று கிடையாது. நமக்கு இதில் சிரமம் இல்லை.

எதில் தேவலை என்று சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். திறமைக்கு ‘பெட்டர் அட்’: ‘பெட்டர் அட் மேத்ஸ்’. குழந்தை, இயந்திரம், பணம் இவற்றைக் கையாள்வதற்கு ‘பெட்டர் வித்’: ‘மை சிஸ்டர் இஸ் பெட்டர் வித் சில்ட்ரன்’. நன்மை பயப்பதற்கு ‘பெட்டர் ஃபார்’: ‘வாக்கிங் இஸ் பெட்டர் ஃபார் யூ’. பணவசதியோ நிலைமையோ உயர்ந்திருந்தால் ‘பெட்டர் ஆஃப்’. இந்த ஆஃபுக்கு இரண்டு எஃப்.

எட்டாம் படி: ‘ஹேட் பெட்டர்’ என்ற கத்தி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். வேலை போகக்கூடிய தப்பு இங்கே இருக்கிறது.

ரங்கூன் அலுவலகத்தில் இருக்கும் ஒரு தம்பி, சிங்கப்பூரில் இருக்கும் மேலாளருக்கு எழுதுகிறார்: ‘சார், யூ ஹேட் பெட்டர் சென்ட் த இன்வாய்ஸ் டுடே.’ அவர் மனதில் இருந்த தமிழ்: ‘சார், இன்னிக்கு இன்வாய்ஸ் அனுப்பிட்டா நல்லா இருக்கும் சார்.’ மேலாளர் படித்த பொருள்: ‘இன்னிக்கு அனுப்பிடு, அதுதான் உனக்கு நல்லது.’ நம் மொழியிலேயே இந்த இரண்டு ‘நல்ல’வுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். முதலாவது வேண்டுகோள், இரண்டாவது மிரட்டல். ஹேட் பெட்டர் இரண்டாவது வகை. செய்யாவிட்டால் கெடுதல் வரும் என்ற எச்சரிக்கை அதற்குள் எப்போதும் இருக்கிறது.

எனவே ‘யூ ஹேட் பெட்டர்’ என்பதைப் பெரியவரிடமோ மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ சொல்லாதீர்கள். அந்தத் தம்பி எழுதியிருக்க வேண்டியது ‘குட் யூ ப்ளீஸ் சென்ட் த இன்வாய்ஸ் டுடே, சார்?’ (இந்தக் ‘குட்’ நல்ல என்பது அல்ல, ‘முடியுமா’ என்று கேட்கும் வேறு சொல்.) யோசனை சொல்ல வேண்டுமென்றால் ‘இட் மைட் பி பெட்டர் டு சென்ட் இட் டுடே’. ஹேட்டுக்குப் பதில் ‘மைட் பி’ வந்ததும் கத்தி உறைக்குள் போய்விடுகிறது. பிள்ளைக்கு, தம்பிக்கு, நெருங்கிய தோழனுக்குச் சொல்லலாம்: ‘யூ ஹேட் பெட்டர் டேக் அன் அம்ப்ரெல்லா.’ அங்கே அக்கறையாகக் கேட்கும்.

தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில் ஆபத்தே இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் ‘அப்ப நான் கிளம்புறேன் மாமா’ என்று எழுந்திருக்கும் இடத்தில் ‘ஐ’ட் பெட்டர் கோ’ என்பது மிகவும் நயமானது.

அமைப்பு: ஹேட் பெட்டருக்குப் பின் வெறும் வினை, டு கூடாது. ‘ஹேட் பெட்டர் டு கோ’ தப்பு. ஹேட் இருப்பதால் இறந்தகாலம் என்று நினைக்க வேண்டாம், இப்போதைக்கும் இனிமேலுக்கும்தான் வரும். ஹேவ், ஹேஸ் என்று மாறாது. எதிர்மறை ‘ஹேட் பெட்டர் நாட்’: ‘வி’ட் பெட்டர் நாட் வெயிட்’. பேச்சில் ‘ட்’ விழுங்கப்பட்டு ‘யூ பெட்டர் கோ’ என்று கேட்கும். எழுத்தில் அந்த ‘ட்’டைத் திரும்ப வையுங்கள். மாறாக ‘இட் இஸ் பெட்டர்’ என்று தொடங்கினால் டு கட்டாயம்: ‘இட் இஸ் பெட்டர் டு ஆஸ்க்.’

ஒன்பதாம் படி: சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கவிழ்க்கும் தொடர்கள்

‘திங்க் பெட்டர் ஆஃப் இட்’ என்றால் மனத்தை மாற்றிக்கொண்டு ஒன்றைச் செய்யாமல் விடுவது. ‘யூ ஷுட் நோ பெட்டர்’ என்பது திட்டு. ‘உனக்கு இது தெரிய வேண்டாமா?’ என்பதற்குச் சமம். ‘த பெட்டர் பார்ட் ஆஃப் அன் அவர்’ என்றால் ஒரு மணி நேரத்தில் இனிமையான பகுதி என்று நினைப்பார்கள். முக்கால்வாசி நேரம் என்பதே பொருள். ‘இட் ஹேஸ் ஸீன் பெட்டர் டேஸ்’ என்று ஒரு பேருந்தைப் பற்றிச் சொன்னால், தேய்ந்து போன வண்டி என்று அர்த்தம். ‘கெட் த பெட்டர் ஆஃப்’ என்றால் வென்றுவிடுவது: கோபம் ஒருவரை வென்றது என்று சொல்ல இது உதவும். ‘பெட்டர் ஹாஃப்’ நம் ஊர்களில் மனைவிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கணவனுக்கும் சொல்லலாம்.

‘பெட்டர் தன் நத்திங்’ என்பதற்கு நம்மிடம் அழகான பழமொழியே இருக்கிறது, ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அதைவிடவும் பெட்டரின் அமைப்புக்கு அச்சாகப் பொருந்துவது ‘வரப்போகிற பலாக்காயைவிடக் கையிலிருக்கும் களாக்காயே மேல்’. பிள்ளைகளுக்கு இதை ஆங்கிலத்தில் கட்டச் சொல்லிப் பாருங்கள். எது முதலில் வர வேண்டும் என்று தேடுவதிலேயே இரண்டாம் படி மனதில் பதிந்துவிடும்.

உச்சரிப்பு

முதல் எழுத்து உதடு சேர்ந்து, தொண்டை அதிரும் ‘ப’. தமிழில் அதிரும் ‘ப’வுக்கும் அதிராத ‘ப’வுக்கும் எழுத்து ஒன்றே, ஆனால் பர்மி பேசுபவருக்கு வித்தியாசம் நாக்கில் இருக்கிறது. நடுவில் உள்ள ‘ட’ நம் ‘பட்டம்’ போல நாக்கை மடித்து வராது. நுனி நாக்கு மேல் பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறைத் தொட்டு விலகும். அமெரிக்கர் சொன்னால் அது மெலிந்து ‘பெடர்’ போலக் கேட்கும். பிரிட்டிஷ்காரரில் பெரும்பாலோர் கடைசி ‘ர்’ரைச் சொல்வதில்லை. முதல் உயிரைக் குறுக்கி ‘எ’ என்றே நிறுத்துங்கள். அது ‘இ’ ஆனால் ‘பிட்டர்’, அதாவது கசப்பு; ‘அ’ ஆனால் ‘பட்டர்’, அதாவது வெண்ணெய்.

திருத்திப் பாருங்கள்

விடையை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போங்கள். எந்தப் படியில் தவறினீர்களோ அந்தப் படிக்குத் திரும்பிப் போங்கள்.

‘திஸ் ஃபோன் இஸ் மோர் பெட்டர்.’ மோரை வெட்டுங்கள். அழுத்தம் வேண்டுமென்றால் மச் பெட்டர்.

‘மை பிரதர் இஸ் குட் தன் மீ இன் சாக்கர்.’ குட் போய் பெட்டர் வரவேண்டும், இன் போய் அட் வரவேண்டும்.

‘ஷி வாண்ட்ஸ் பெட்டர் ஹவுஸ்.’ வீட்டை எண்ணலாம், ஆகவே அ பெட்டர் ஹவுஸ்.

‘ஐ ப்ரிஃபர் ரைஸ் பெட்டர் தன் நூடுல்ஸ்.’ ப்ரிஃபருக்கு டு மட்டும். இல்லாவிட்டால் லைக், அதோடு பெட்டர் தன்.

‘ஹி இஸ் த பெட்டர் ஆஃப் த த்ரீ பிரதர்ஸ்.’ மூவர் இருப்பதால் பெஸ்ட்.

‘அவர் டீ இஸ் பெட்டர் தன் எனி டீ இன் திஸ் ரோட்.’ உங்கள் தேநீரும் அதே தெருவில்தான் இருக்கிறது. எனி அதர் டீ.

‘மேடம், யூ ஹேட் பெட்டர் டு கம் எர்லி.’ இலக்கணத் தப்பு ஒன்று, மரியாதைத் தப்பு ஒன்று. டுவை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதி அடைந்தவர்கள் எட்டாம் படியை இன்னொரு முறை படிக்க வேண்டும். மேடத்திடம் சொல்ல வேண்டியது: ‘குட் யூ கம் அ லிட்டில் எர்லி, மேடம்?’